எரிமலை என்னும் வினைத்தொகை



தமிழ்க் கவிதையில் எரிமலைக்குப் பஞ்சமில்லை. சினம் எரிமலை, நெஞ்சம் எரிமலை, அடக்கப்பட்டவரின் மௌனமும் எரிமலை. கவியரங்க மேடையில் ஒலிபெருக்கியின் முன் இச்சொல் விழுந்ததும் கைதட்டல் எழுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் குறிஞ்சி முதல் பாலை வரையிலான ஐந்து நிலங்களில் எதிலும் எரிமலைக்கு இடமில்லை. இந்திய எல்லைக்குள் உயிருள்ள எரிமலை என்று உறுதிப்பட்டது, அந்தமான் கடலில் ஆளில்லாமல் கிடக்கும் பேரன் தீவு ஒன்றுதான். ஆகவே தமிழ்க் கவிஞரின் எரிமலை பெரும்பாலும் புத்தகத்திலிருந்து வந்தது. திரைப்படத்திலிருந்தும் பாடநூலின் படத்திலிருந்தும் வந்தது.

காணாததைப் பாடுவது குற்றமன்று. கடலைக் காணாமலே கடலைப் பாடியவர்கள் உண்டு. நன்றாகவே பாடியவர்களும் உண்டு. எனினும் கடன் வாங்கிய உவமையோடு ஒரு குறையும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. அந்த உவமைக்குத் தெரிந்த செயல் ஒன்றே ஒன்று: வெடித்தல். கவிதையில் எரிமலை எப்போதும் வெடிக்கிறது, அல்லது நாளை வெடிக்கப்போகிறது. இத்தனைக்கும் தமிழ்ச்சொல் அவ்வளவு வறியதன்று. எரிமலை என்பது வினைத்தொகை. எரிந்த மலை, எரிகின்ற மலை, எரியும் மலை என மூன்று காலமும் அதற்குள் கரந்து நிற்கின்றன. சொல்லுக்குள் இருக்கும் மூன்று காலத்தில் இரண்டைக் கவிதை தொட்டுப் பார்த்ததே இல்லை எனலாம்.

அந்த மூன்றையும் ஒருசேரக் காட்டும் மலை ஒன்று நிகராகுவா நாட்டில் இருக்கிறது. பெயர் மசாயா. தலைநகரான மனாகுவாவுக்குத் தென்கிழக்கே சுமார் 20 கி.மீ. தொலைவு, உயரம் 635 மீட்டர். கொடைக்கானல் சென்று வந்தவருக்கு அது மலையாகவே தோன்றாது. ஸ்பானியர் வருகைக்குப் பின் அங்கு சென்று 1529இல் அதனைக் கண்ட வரலாற்றாசிரியர் கொன்சாலோ பெர்னாந்தெஸ் தெ ஓவியெதோ, அம்மண்ணின் சொரொத்தேகா மக்களின் மொழியில் மசாயா என்றால் எரியும் மலை என்று பொருள் எழுதிவைத்தார். தமிழில் பெயர்க்க வேண்டிய வேலையே இல்லை.

மலைக்குப் போகுமுன் தலைநகரைச் சற்றுப் பார்க்க வேண்டும். லெயோன், கிரனாதா என்னும் இரு நகரங்கள் தலைமைக்காகப் பூசலிட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டுக்கும் நடுவே ஏரிக்கரையில் இருந்த சிற்றூரான மனாகுவா 1852இல் தலைநகராக்கப்பட்டது. சமரசத்துக்காகத் தேர்ந்தெடுத்த இடத்தின் அடியில் என்ன இருக்கிறதென்று எவரும் கேட்கவில்லை. 1931இல் ஒரு நிலநடுக்கம் நகரை அழித்தது. 1972 டிசம்பர் 23 நள்ளிரவுக்குப் பின் இன்னொன்று. நகரின் நடுவிலேயே தீஸ்காபா என்ற குளம் இருக்கிறது. அதுவும் ஒரு பழைய எரிமலை வாய்தான். 1972க்குப் பின் அந்நகரத்தார் முகவரி சொல்லும் முறை கவிஞர்கள் கேட்க வேண்டியது. தெருப்பெயரும் கதவிலக்கமும் வழக்கில் இல்லை. இன்ன அடையாளத்திலிருந்து ஏரிப்பக்கம் இத்தனை கட்டம், பிறகு கிழக்கே இத்தனை கட்டம் என்பார்கள். அந்த அடையாளம் பலநேரம் இப்போது இல்லாத ஒன்று: மரம் இருந்த இடத்திலிருந்து, திரையரங்கு இருந்த இடத்திலிருந்து. இல்லாத மரத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கும் ஊரில் கவிஞர்கள் மிகுந்திருப்பதில் வியப்பில்லை.

தலைநகருக்கு வந்த பயணி மசாயாவுக்குச் செல்வது எளிதாக இருந்தது. 1979இல் அது நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. உலகின் பெரும்பாலான எரிமலைகளில் ஏற வேண்டும், மூச்சிரைக்க வேண்டும், வழிகாட்டி வேண்டும். இங்கே வண்டியிலேயே வாய் வரைக்கும் போய்விட முடிந்தது. 1670இலும் 1772இலும் வழிந்து உறைந்த குழம்பு கருங்கல் வெளியாகக் கிடக்கிறது; அதன் ஊடே சாலை ஏறுகிறது. முடிவில் ஒரு வண்டி நிறுத்துமிடம். அதற்கு ஓவியெதோவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அங்கே பயணி முதலில் செய்ய வேண்டியிருந்தது வண்டியைத் திருப்பி, அதன் முகம் வெளியேறும் வழியை நோக்கும்படி நிறுத்துவது. கற்கள் எறியப்பட்டால் வண்டிக்கு அடியில் பதுங்குக என்று அறிவுறுத்தும் பலகையும் அங்கே நின்றது. அதைப் பார்த்துச் சிரித்தபடி படமெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். 2001 ஏப்ரல் 23 அன்று மலை உண்மையிலேயே கற்களை எறிந்தது. நிறுத்துமிடத்தில் வண்டிகள் சேதமுற்றன, ஒருவர் காயமடைந்தார்.

விளிம்பில் சில நிமிடங்களே நிற்க விட்டார்கள். காரணம் வெடிப்பு பற்றிய அச்சம் மட்டுமன்று, காற்றும்தான். பெட்டி நிறையத் தீக்குச்சிகளை ஒரே நேரத்தில் உரசியதுபோல் நெடி தொண்டையைப் பிடிக்கும். சாந்தியாகோ எனப்படும் அந்த வாய் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவானது. பகலில் அதற்குள் வெண்புகை தவிர வேறொன்றும் எளிதில் தெரியாது. 2015இன் இறுதியில் அடியில் குழம்பு ஏரி ஒன்று தோன்றியபின், இருட்டிய பிறகு வருவோர் தொகை பெருகிற்று. இரவில் புகையே செந்நிறம் கொண்டது. புகை விலகும் கணத்தில், கீழே மிக ஆழத்தில், ஒளிரும் திரவம் ஒன்று ஒருபக்கமாக ஓடி மடங்குவது தெரிந்தது. ஓசையும் வந்தது. வெடியோசை அன்று, கரையில் கடல் அடிக்கும் ஓசை. எரிமலையை எதிர்பார்த்து வந்தவர் காதில் நெய்தல் நிலம் ஒலித்தது.

பயணிகள் பலரும் கவனியாத ஒன்று பகலில் நிகழ்கிறது. பச்சைக் கிளிகள் கூட்டமாக வந்து அந்த வாய்க்குள்ளேயே இறங்குகின்றன. நச்சுப்புகை எழும் சுவரின் பொந்துகளில் அவற்றின் கூடுகள். அம்மக்கள் அவற்றைச் சொக்கோயோ என்பார்கள். வாயின் சுவரில் பாம்பும் பிற பகையும் வந்து முட்டையைக் குடிப்பது அரிது என்பதால் இருக்கலாம். கிளிக்கு எரிமலை உவமை அன்று. வீடு.

மனிதர்களுக்கு அது வீடாக இருந்ததில்லை. ஆனால் அவரவர் கொண்டுவந்ததை அவரவர் அதற்குள் கண்டிருக்கிறார்கள். நிந்திரி ஊர்த் தலைவர் ஓவியெதோவிடம் சொன்ன கதை இது. அந்தக் குழியிலிருந்து ஒரு கிழவி வெளிப்படுவாள். சுருங்கிய தோல், கூரிய பற்கள், ஆடையற்ற உடல். தலைவர்கள் இரகசியமாக அங்கே கூடுவார்கள். போர் தொடுக்கலாமா, மழை வருமா, விளைச்சல் எப்படி என்று அவளிடம் கேட்பார்கள். அவளுக்குப் பலியும் உண்டு. மனிதரும் குழியில் வீழ்த்தப்பட்டனர். கிறித்தவர்கள் வந்தபின், அவர்களைத் துரத்தும்வரை இனி வரமாட்டேன் என்று சொல்லி அவள் மறைந்தாள். தமிழ் வாசகருக்கு இங்கே காடுகிழாள் நினைவு வரக்கூடும். ஒப்புமையை அதற்கு மேல் இழுப்பது நேர்மையாகாது. இக்கதையில் கவனிக்க வேண்டியது கடைசிப் பகுதி. தோற்றவர்களின் தெய்வம் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை, பேச மறுத்துவிட்டது.

வந்தவர்கள் கண்டது நரகம். விளிம்பின் உச்சியில் ஒரு சிலுவை நிற்கிறது. சாத்தானை உள்ளேயே அடக்கிவைப்பதற்காக பிரான்சிஸ்கோ தெ பொபதீயா என்ற துறவி அங்கே முதலில் அதனை நாட்டினார் என்பது மரபு. இப்போது நிற்பது பின்னாளில் வைத்தது. அதற்கு ஏறும் நீண்ட படிவரிசையில் நின்றுதான் பயணிகள் குடும்பத்தோடு படமெடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு துறவி கண்டது பொன். இவர் கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். பிளாஸ் தெல் காஸ்தியோ என்பவர் தொமினிக்கன் சபைத் துறவி. இரவும் பகலும் உருகிக் கிடந்தும் தீராத பொருள், பொன்னாகவோ வெள்ளியாகவோ இல்லாமல் வேறென்னவாக இருக்க முடியும் என்பது அவர் வாதம். அக்காலத்தில் மெக்சிகோவும் பெருவும் ஸ்பானியரின் கண்களைப் பொன்னிறமாக்கியிருந்தன. ஆகவே அவரைப் பித்தர் என்றும் ஒதுக்கிவிட முடியாது. கூட்டாளிகளைச் சேர்த்தார். கயிறும் கூடையும் செய்வித்தார். 1538இல் கையில் சிலுவையோடு அந்தக் குழிக்குள் இறக்கப்பட்டார். குழம்பு இருந்த உள்குழி வரை அவரால் போக முடியவில்லை; அதன் விளிம்பில் நின்று பார்த்துவிட்டு உயிரோடு மேலே வந்தார். பிறகு சங்கிலியில் இரும்புக் கலம் கட்டி இறக்கிக் குழம்பை மொண்டு பார்த்தார்கள். வந்தது கசடு. ஆளுநர் தடை விதிக்க, முயற்சி நின்றது.

இந்தத் துறவியை எள்ளி நகையாடுவது எளிது. பின்னால் வந்த நூல்கள் பலவும் அதைத்தான் செய்கின்றன. ஆனால் மசாயாவைப் பற்றிப் பேசியவர்களுள், தம் உவமை மெய்தானா என்று இறங்கிப் பார்த்தவர் அவர் ஒருவர். பொன் என்று சொன்னார்; போய்ப் பார்த்தார்; பொன் அன்று என்று கையில் வந்தது. தாம் எழுதிய உவமைக்காக ஒரு கூடையில் ஏறத் துணிந்த கவிஞர் எந்த மொழியிலும் மிகுதியாக இருக்க மாட்டார்.

துறவி கூடையில் இறங்கிய அதே மலையின் வாய் ஒன்றின்மேல் ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டு கழித்து இன்னொருவர் சென்றார். 2020 மார்ச் 4 அன்று நிக் வாலெண்டா என்ற அமெரிக்கக் கம்பிநடைக் கலைஞர் முகமூடியும் கண்காப்பும் அணிந்து, சுமார் 1,800 அடி நீளக் கம்பியில் அதனைக் கடந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சி அதை நேரடியாக ஒளிபரப்பிற்று. துணிவில் ஐயமில்லை. அவர் கண்டது மேடை, அவ்வளவுதான்.

இத்தனை பேரும் வாய்க்குள் பார்த்தார்கள். காற்று போகும் திசையில் பார்த்தவர் குறைவு. மசாயாவின் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது. மேற்கே எல் குருசேரோ முதலான மலைத்தொடர்கள் இருக்கின்றன. அவை எரிமலையை விட உயரமானவை. ஆகவே வாயிலிருந்து எழும் கந்தக டை ஆக்சைடு வானத்துக்குப் போய்க் கலைவதற்கு முன்பே அந்தத் தோட்டங்களின் மேல் உராய்ந்து செல்கிறது. அங்கே காப்பி விளையும். புகை மிகும் ஆண்டுகளில் இலைகள் ஓரத்திலிருந்து கருகும், பூ உதிரும், செடி ஓரிரண்டு பருவத்தில் விறகாகும். தகரக் கூரை சில ஆண்டுகளில் அரிக்கப்பட்டுப் பொத்தலாகிறது. முள்வேலிக் கம்பி கையால் ஒடிக்கும் அளவுக்கு இற்றுப்போகிறது. புகை பல ஆண்டுகள் மிகுந்தும் பல ஆண்டுகள் தணிந்தும் வரும். 1920களில் மிகுந்தது, 1993 முதல் மீண்டும் மிகுந்தது. தணிந்த காலத்தில் தோட்டம் வைத்தவர் மிகுந்த காலத்தில் கைவிட்டுப் போவார். அவ்வட்டாரத்தில் தாழ்ந்த பகுதியின் உழவர்கள் கள்ளி இனமான பித்தாயாவையும் அன்னாசியையும் பயிரிடுகிறார்கள். தோல் தடித்த பயிர்கள்.

எரிகின்ற மலை என்பது இதுதான். அங்கே வெடிப்பு இல்லை, செந்நிறம் இல்லை, கைதட்டல் இல்லை. ஓர் இலையின் ஓரத்தில் நாள்தோறும் நடக்கும் வேலை அது. சினத்தை எரிமலை என்று எழுதுகிறவர், நீண்டகாலச் சினம் வெடிப்பதைவிட அருகில் இருப்பவரின் கூரையைத்தான் அதிகம் அரிக்கிறது என்பதை அறியாதவரா? அறிவார். அவர் கடன் வாங்கிய உவமைக்குத்தான் அது தெரியாது.

கடன் என்ற பேச்சு வந்ததால், நிகராகுவாவின் மாபெரும் கவிஞர் ரூபன் தாரியோவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1867இல் பிறந்து 1916இல் மறைந்தவர். ஸ்பானியக் கவிதையின் யாப்பையே அசைத்தவர். மனாகுவாவின் ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் அக்கரையில் கூம்பாக நிற்கும் இன்னோர் எரிமலை மொமொதொம்போ. அதைப்பற்றி அவர் எழுதிய கவிதை 1907இல் வந்த தொகுதியில் இடம்பெற்றது. இளமையில் தொடர்வண்டியில் செல்லும்போது அம்மலையைக் கண்டதை அது பேசுகிறது. ஆனால் கண்ணால் காண்பதற்கு முன்பே அந்த இளைஞர் விக்தர் ஹ்யூகோவைப் படித்திருக்கிறார். ஹ்யூகோ மொமொதொம்போவைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தார், 1859இல் வெளியானது. மலைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கச் சென்ற பாதிரிமார் மொமொதொம்போவிலிருந்து திரும்பவில்லை என்ற செய்தியிலிருந்து அது பிறக்கிறது. அம்மலை ஏன் மறுத்தது என்று மலையின் வாயாலேயே கூறவைக்கிறார் ஹ்யூகோ. புதிய சமயத்தார் மனிதரை உயிரோடு எரித்த தீயைக் கண்டபின், தெய்வத்தை மாற்றிக்கொள்வதில் பயனில்லை என்பது மலை சொல்லும் காரணம். ஹ்யூகோ நிகராகுவாவுக்குப் போனவர் அல்லர். அவருக்கு அச்செய்தியைத் தந்தது, 1849இல் அமெரிக்கத் தூதராக அங்கு சென்ற ஸ்குவையரின் நூல். ஸ்குவையருக்குத் தந்தது அந்நாட்டு மக்களின் வாய்மொழி.

ஆக, அந்த மண்ணின் கதை ஒரு தூதரின் கைக்குப் போய், பாரிசுக்குப் போய், பிரெஞ்சுக் கவிதையாகி, அந்த மண்ணிலேயே பிறந்த இளைஞரிடம் திரும்பி வந்தது. தன் ஊர் மலையை அயல்நாட்டுக் கவிதையின் வழியாகவே முதலில் அறிந்ததைத் தாரியோ மறைக்கவில்லை. ஹ்யூகோவின் அடியைக் கவிதையின் தலைப்பிலேயே பதித்துவிட்டு, ஸ்குவையரின் பெயரையும் உள்ளே சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் தன் கண்ணைத் திறக்கிறார். கடன் வாங்குவதில் இதைவிட நேர்மையான முறை இருப்பதாகத் தெரியவில்லை. முதலில் கடனைச் சொல்ல வேண்டும். பிறகு வண்டியின் சாளரத்தருகே போய்ப் பார்க்கவும் வேண்டும்.

அதே மொமொதொம்போ ஒரு படமாக மட்டும் செய்த வேலையும் உண்டு. இரு பெருங்கடல்களை இணைக்கும் கால்வாயை நிகராகுவாவில் வெட்டுவதா பனாமாவில் வெட்டுவதா என்று 1902இல் அமெரிக்க மேலவை வாதிட்டது. பனாமாவுக்காகப் பரிந்து நின்ற பிரெஞ்சுப் பொறியாளர் புனோ வரீயா, நிகராகுவா அரசே 1900இல் வெளியிட்ட அஞ்சல்தலை ஒன்றைத் தேடி வாங்கி மேலவை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அனுப்பினார். அதில் ஏரிக்கரையில் மொமொதொம்போ புகைந்துகொண்டிருந்தது. ஜூன் மாத வாக்கெடுப்பில் பனாமா வென்றது. அஞ்சல்தலையால் மட்டுமே வென்றது என்பது மிகை. வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் ஒரு நாடு தன் அழகென்று அச்சிட்ட படத்தையே அதற்கு எதிரான சாட்சியாக நிறுத்த முடிந்தது. படிமத்தைக் கையாள்வோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

மசாயாவின் குழம்பு ஏரி 2024 மார்ச் தொடக்கத்தில் மறைந்தது. வாயின் உட்சுவர்கள் சரிந்து அதை மூடின. பூங்கா பார்வையாளருக்கு மூடப்பட்டது. எட்டாண்டுக்கு மேலாக இரவுதோறும் பயணிகள் குனிந்து பார்த்த செந்நிறம் சில மணி நேரத்தில் கல்லுக்கு அடியில் போய்விட்டது. அதுவும் வெடிப்பு அன்று, மூடிக்கொள்ளுதல். மசாயாவின் வரலாற்றில் குழம்பு பலமுறை தோன்றியும் மறைந்தும் இருக்கிறது. ஓவியெதோ கண்டதும் அவற்றுள் ஒன்றே.

மனாகுவாவுக்கு வந்து மசாயாவைக் காண முடியாமற்போன பயணி, நகரின் வடக்கே ஏரியை ஒட்டிய அக்காவலிங்கா என்னும் பகுதிக்குச் செல்லலாம். 1874இல் அங்கே நிலத்தைத் தோண்டியபோது மனிதக் காலடித் தடங்கள் கிடைத்தன. சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் மசாயாவின் பெருவெடிப்பில் வந்து படிந்த சாம்பல், மழையோடு கலந்து சேறாகிக் கிடந்தபோது அதன்மேல் ஏறக்குறைய 15 பேர் நடந்திருக்கிறார்கள். பெரியவர்களும் சிறுவர்களும் உண்டு. சேறு இறுகிக் கல்லாயிற்று. அதன்மேல் சில மீட்டர் மண் ஏறி நின்றது.

அவர்கள் எரிமலைக்கு அஞ்சி ஓடியவர்கள் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டது. அப்படித்தானே எழுதத் தோன்றும். எரிமலையும் காலடியும் சேர்ந்தால் ஓட்டம் என்பது உவமைக்குத் தெரிந்த கணக்கு. பின்னர் தடங்களின் இடைவெளியை அளந்தார்கள். ஓடுகிறவரின் எட்டு வேறு, நடக்கிறவரின் எட்டு வேறு. அவர்கள் ஓடவில்லை. சாதாரண நடையில் போயிருக்கிறார்கள். ஒருவருடைய தடம் மட்டும் மற்றவற்றைவிட ஆழமாகப் பதிந்திருக்கிறது. சுமையோ குழந்தையோ தூக்கியிருக்கலாம் என்கிறார்கள். எல்லாத் தடங்களும் ஏரியை நோக்கிச் சென்று, தோண்டிய குழியின் மண்சுவருக்குள் நுழைகின்றன.